கூப்பிட்டால்தான் வருவார்கள்

நம் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒருவன் கேட்டிருந்தான், எனக்கு ஏன் குப்பன் என்று பேர் வந்தது என்று. கீழே சிரிக்கிற மூஞ்சிகள் வரிசையாக வந்து விழுந்தன. மூக்கைத் துடைக்காமல் வகுப்புக்கு வந்ததால் என்றான் ஒருவன். கையெழுத்தைப் பார்த்து வாத்தியார் வைத்தது என்றான் இன்னொருவன். இரண்டுமே நடந்திருக்கக்கூடியவைதான், கோபித்துக்கொண்டு குழுவை விட்டு வெளியேறும் அளவுக்கு அபாண்டம் இல்லை. ஆனால் காரணம் வேறு. அதைச் சொல்ல எனக்கு இவ்வளவு வயசாக வேண்டியிருந்தது. நமக்கெல்லாம் சர்க்கரை வந்துவிட்டது, முட்டி போய்விட்டது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கண்ணாடியைத் தேடுகிறோம். இனிமேல் வெட்கப்பட என்ன மிச்சம் இருக்கிறது?

விஷயம் இதுதான். உயிரோடு இருக்கும்போதே செத்தவர்களின் சாப்பாட்டுக்கு எனக்கு அழைப்பு வந்தது. நானும் மரியாதையாகப் போய் உட்கார்ந்தேன்.

முதலில் என் உண்மைப் பெயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது என் அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர். வீட்டின் முதல் பேரனுக்குத் தாத்தா பெயர் என்பது எங்கள் வழக்கம். கிடா வெட்டி விருந்து வைத்துச் சூட்டினார்களாம். சூட்டியதோடு சரி, அதைச் சொல்லிக் கூப்பிட வீட்டில் ஆள் இல்லை. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது, அதனால் அம்மா சொல்லமாட்டாள். பெற்ற தகப்பன் பெயரோடு வாடா போடா சேர்க்க நா எழாமல் அப்பா வெறும் 'டேய்' என்பதோடு நிறுத்திக்கொண்டார். கல்யாணச் சீராக வந்த பெரிய அண்டாவைப் பரண்மேல் கவிழ்த்து வைத்திருப்பார்களே, அந்த மாதிரி என் பெயர் வீட்டில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கும்போது மட்டும் இறங்கி வரும்.

அம்மா என்னைச் 'சின்னவனே' என்பாள். நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. சின்னவன் என்றால் பெரியவன் எங்கே என்று கேட்கும் அறிவு அப்போது எனக்கு இல்லை. பிற்பாடும் பெரிதாக வந்துவிடவில்லை, அதை விடுங்கள்.

பெரியவன் இருந்தான். எனக்கு முன்னால் பிறந்து, பெயர் வைக்கிற நாள் வருவதற்குள் போய்விட்டான். தாத்தாவின் பெயரை அவனுக்கென்றுதான் எடுத்து வைத்திருந்தார்கள். அவன் போனதும் அது எனக்கு வந்தது. அண்ணன் சட்டை தம்பிக்கு வரும், தெரிந்ததுதானே. அவனைக் கொல்லையில், அதாவது நாங்கள் பயிர் வைக்கும் நிலத்தில், கிணற்று மேட்டுப் புங்கமரத்தடியில் புதைத்தார்கள். பல் முளைக்காத குழந்தைக்குக் கல் நடமாட்டார்கள், வருஷத்துக்கு ஒருமுறை இலை போடவும் மாட்டார்கள். சரியான இடம் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். களை எடுக்கப் போகும்போது என்னையும் கூட்டிப்போவாள். கொல்லை முழுக்க நான் குதித்துக்கொண்டு ஓடலாம். அந்த மரத்தடிக்கு வந்ததும், "இங்க மெதுவா நட, சின்னவனே," என்பாள். முள் இருக்கிறது போல என்று நினைத்து நுனிக்காலில் நடப்பேன்.

ஓசூரை ஒட்டி, மத்திகிரிக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்த காலம். எங்கள் கொல்லையும் அவற்றுக்கான கோட்டுக்குள் விழுந்தது. அளப்பதற்கு வந்தவர்கள் வரப்பைத் தாண்டிச் சுண்ணாம்பால் வெள்ளைக் கோடு இழுத்துவிட்டுப் போனார்கள். நான் அதைப் பார்த்து, கபடிக்குத்தான் களம் போட்டிருக்கிறார்கள் என்று மூச்சுப் பிடித்துக்கொண்டு பாடியபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினேன். அப்பா வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னை அதட்டாத ஒரே நாள் அது.

கொல்லையின் மூலையில்தான் எங்கள் முன்னோர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு பலகைக்கல், தலைமாட்டில் நட்டது. அவர்களை விட்டுவிட்டு வரமுடியாது. அதற்கும் ஒரு வழி உண்டு: ஒவ்வொருவர் தலைமாட்டிலும் ஒரு பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து, 'வீடு மாறுகிறோம், கூட வாருங்கள்' என்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால்தான் வருவார்கள். மண்ணையும் கல்லையும் புது இடத்தில் வைத்துவிட்டால் வந்துவிட்டதாகக் கணக்கு. எங்களுக்கு ஊரை ஒட்டி மேட்டுக்கொல்லை என்று ஒரு துண்டு நிலம் மிஞ்சியிருந்தது. அங்கே கொண்டுபோவது என்று முடிவாயிற்று.

மாளய அமாவாசைக்கு முந்தைய வாரம் அதைச் செய்தார்கள். அப்பாவின் அக்கா, என் அத்தை, தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருந்தாள். அங்கே ராகிக் கொல்லையை மிதிக்கும் யானைகளைத் திட்டித் திட்டி அத்தைக்குக் குரல் பெரிதாகிவிட்டிருந்தது. யானை இல்லாத ஊருக்கு வந்தால் அந்தத் திட்டு எங்களுக்கு. எங்கள் வீட்டில் கோபம் கன்னடத்தில் வரும், பேரம் தெலுங்கில் நடக்கும், மற்றதெல்லாம் தமிழ். செத்தவர்களிடம் மட்டும் கன்னடம்தான். அப்பா ஒவ்வொரு கல்லாகக் குனிந்து கன்னடத்தில் கூப்பிட்டார். டிராக்டர் டிரெய்லரில் கற்களை ஏற்றினார்கள். நான் ஒன்றின்மேல் ஏறி உட்கார்ந்தேன். அது கொள்ளுத்தாத்தா என்று அத்தை தொடையில் கிள்ளி இறக்கிவிட்டாள்.

எல்லாம் முடிந்து வண்டி கிளம்பும் நேரத்தில் அம்மா ஒரு மஞ்சள் துணித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் வந்தாள்.

"ஏங்க, எல்லாரும் வராங்க. அவன் மட்டும் அங்க தனியா என்னா பண்ணுவான்?"

அப்பா அத்தை பக்கம் ஒருமுறை பார்த்தார். "பல்லு மொளைக்காத புள்ளைக்கு எதுக்கு அதெல்லாம்? நம்ம வூட்டுல வழக்கமில்ல."

"கொல்லைல மிசினு வர்றதும்தான் வழக்கமில்ல."

அப்பா டிரெய்லரில் ஏறிக்கொண்டார். அம்மா துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இயந்திரம் வருவதற்குள் எப்படியாவது அந்த ஒரு பிடி மண்ணை எடுக்க வேண்டும். அவளே தோண்டி எடுத்துவந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன், முப்பது வயசில். பெண்பிள்ளை எடுத்தால் அது வெறும் மண்தானாம். அப்பன் கையால் எடுத்தால்தான் பிள்ளை கூட வருவானாம்.

அமாவாசை வந்தது. அதற்கு எங்கள் பக்கம் 'எடெ போடுவது' என்பார்கள். செத்தவர்களுக்குத் தலைவாழை இலை போட்டுப் படைப்பது. ஓமலூரிலிருந்து வாழ வந்த அம்மாவுக்கு, அமாவாசையில் கறி சமைப்பது என்பதே முதல் வருஷம் தூக்கிவாரிப் போட்டதாம். ஆட்டுக்கறிக் குழம்பு, ராகிக் களி, மொச்சை, வடை, தாத்தாவுக்குப் பீடிக்கட்டு, பெரிய தாத்தாவுக்குக் கால் பாட்டில். கஞ்சி மொடமொடப்போடு புது வேட்டி, புதுச் சேலை. சாம்பிராணிப் புகையும் கறி வாசமும் கலந்து வரும்போது எனக்குச் செத்துப்போவதில் பெரிய கஷ்டம் இருப்பதாகவே தோன்றியதில்லை.

அப்பா எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பிறகு அனைவரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். நாம் பார்த்தால் அவர்கள் கூச்சப்பட்டுச் சாப்பிடமாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகலாம். தாத்தா எலும்பு கடிக்கும் சத்தம் கேட்கும் என்று பக்கத்து வீட்டுப் பையன் சொல்லியிருந்தான். ஆகவே நான் கதவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றேன். அத்தை எனக்குப் பின்னால், நான் கதவைத் திறந்துவிடாமல் இருக்க என் சட்டையைப் பிடித்தபடி. அப்பா வாசலில். அம்மா எங்கே என்று யாரும் கவனிக்கவில்லை.

எலும்புச் சத்தம் கேட்கவில்லை. கேட்டது என் பெயர்.

தாத்தாவின் பெயர், என் பெயர், முழுசாக. அம்மாவின் குரலில். அதற்கு முன் ஒருநாளும் அந்தக் குரலில் அதை நான் கேட்டதில்லை. எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? பிறகு, "வாடா கண்ணு. வந்து பாலக் குடிச்சிட்டுப் போ," என்றாள்.

நம் ஆளைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியுமே. வா என்றால் வருபவன், அதிலும் சாப்பாட்டுக்கு. சட்டைப் பொத்தான் அத்தையின் கையோடு போக, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி, "ம்மா, வந்துட்டேன்," என்று இலைமுன் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒரு வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அம்மா பின்கட்டுக் கதவு வழியாக வந்திருக்க வேண்டும். பெரிய இலையின் ஓரத்தில் ஒரு சின்ன வாழைத்துண்டு. அதன்மேல் வெள்ளிப் பால் சங்கு, விளிம்புவரை பால். பெரியவனுக்கென்று ஓமலூரில் வாங்கி, கடைசியில் நான் குடித்து வளர்ந்த சங்கு. அம்மா என்னைப் பார்த்த பார்வையை எந்த வகையில் சேர்ப்பதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு நொடி, வேறு யாரோ வந்துவிட்டான் என்று நினைத்திருப்பாளோ?

அத்தை கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் வாய்க்குள் விரலை விட்டு வடையைத் தோண்டினாள். பாதி இறங்கிவிட்டிருந்தது. அழைப்பை ஏற்றுக்கொண்டதற்கு அந்தப் பாதி வடையே சாட்சி என்றாகிவிட்டது.

"யாரக் கூப்ட்ட?" என்றாள் அம்மாவிடம்.

"இவன இல்ல அண்ணி."

"பின்ன? எங்கப்பனயா? எங்கப்பன நீ வாடான்னு கூப்புடுவியா?"

அத்தையின் கணக்கு அவ்வளவுதான். அந்தப் பெயர் வீட்டில் இரண்டே பேருக்கு. செத்தவரை 'வாடா' என்று கூப்பிட முடியாது. ஆகவே கூப்பிட்டது உயிரோடு இருப்பவனை. உயிரோடு இருப்பவனைச் செத்தவர் இலைக்கு ஒருத்தி கூப்பிட்டால் அதற்கு என்ன அர்த்தம்? மூன்றாவதாக ஒருவன் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. அத்தை அவனை மறைக்கவில்லை. அவளுக்கு அவன் ஞாபகமே வரவில்லை.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பாவின் கண் அந்தச் சின்ன வாழைத்துண்டிலும் சங்கிலும் நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த முகத்தை நான் தரையில் உட்கார்ந்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். குனிந்து, அணையப்போன விளக்கின் திரியைத் தூண்டிவிட்டார்.

அன்று சாயங்காலமே எனக்குக் காய்ச்சல். படையலுக்கு முன்னாலேயே அடுப்படியில் நான் ஈரல் துண்டுகளைத் திருடித் தின்றிருந்தேன்; வாந்தியைப் பார்த்த எவரும் அதைக் கண்டுபிடித்திருக்கலாம். அத்தை என்னைத் தூக்கிக்கொண்டு பூசாரியிடம் போனாள். அந்தப் பெயரை இனி யாரும் சொல்லக்கூடாது, கேட்டுக்கொண்டு எதுவும் வரக்கூடாது என்றார் அவர். எருக்குழியில் என்னைப் படுக்கவைத்துப் புரட்டி எடுத்தார்கள். குப்பையில் கிடந்த பிள்ளையை எமன்கூடச் சீந்தமாட்டானாம். எழுந்தபோது நான் குப்பன். பள்ளிக்கூடம்வரை வந்து அத்தை அதை அறிவித்துவிட்டுப் போனாள். நீங்கள் எல்லாரும் எவ்வளவு உற்சாகமாக ஒத்துழைத்தீர்கள் என்பதை நான் மறக்கவில்லை.

பால் சங்கை அத்தை எடுத்துக்கொண்டுபோய்க் கொல்லைக் கிணற்றில் போட்டாள். அது தண்ணீரைத் தொட்ட சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை. அவ்வளவு சின்னது.

அம்மாவைக் கொஞ்ச நாள் ஓமலூரில் இருக்கச் சொன்னார்கள். அவள் தன் பக்கத்து நியாயத்தைப் பேசியதாக எனக்கு நினைவில்லை. பஸ் ஏறும்போது இடுப்பிலிருந்த மஞ்சள் துணியை அப்பாவின் கையில் கொடுத்தாள். "எம்மேல எது வேணா சொல்லிக்குங்க. அந்த மண்ண மட்டும் எடுத்து வெச்சிருங்க. கெணத்தப் பாத்து நின்னா மரத்துக்கு இந்தப்பக்கம், வேர் பொடச்ச எடத்துல," என்றாள். அப்பா தலையாட்டினார். நான் அத்தையின் பின்னால் நின்றேன். அம்மா, "வரேன் சின்னவனே," என்றதற்கு, பதில் சொல்லலாமா என்று அத்தையின் முகத்தைப் பார்த்தேன்.

அத்தை இருக்கும்வரை அப்பா போகவில்லை. அவள் ஊருக்குப் போன பிறகு மழை பெய்தது. மழை விட்ட பிறகு வெங்காயம் எடுக்க வேண்டியிருந்தது. பின்னர் ஒருநாள் காலை மண்வெட்டியோடு கிளம்பினார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, தோளில் துண்டுக்குப் பதில் அந்த மஞ்சள் துணி கிடந்தது. சீக்கிரமே திரும்பிவந்தார். மரம் வேரோடு கவிழ்ந்து கிடந்ததாம். கிணறு இருந்த இடத்தில் மண் குவியலாம். மண்வெட்டியைக் கழுவிச் சாய்த்து வைத்தார். அதில் மண்ணே ஒட்டியிருக்கவில்லை.

அம்மா தீபாவளிக்கு முன்னால் வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வராமல் நேராக அங்கேதான் போயிருக்கிறாள். சுற்றிலும் கல்தூண் நட்டுக் கம்பி கட்டியிருந்தார்களாம். பிறகு வீட்டுக்கு வந்து, கால் கழுவி, உலை வைத்தாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை. அப்பா இரண்டாவது முறையும் போட்டுச் சாப்பிட்டார்.

அடுத்த வருஷ அமாவாசையில் அப்பா ஒரு காரியம் செய்தார். எல்லாரையும் கூப்பிட்டு முடித்த பிறகு, ஒரு டம்ளரில் பால் ஊற்றி இலையின் ஓரத்தில் வைத்தார். கதவைச் சாத்தப்போனார். அம்மா நிலைப்படியில் நின்றுகொண்டு சொன்னாள்:

"கூப்புடாம வெச்சா எப்பிடிங்க வருவான்?"

அப்பா இலைப்பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். தன் அப்பன் பெயரைச் சொல்லி 'வாடா' என்று சொல்ல வேண்டும். உதடு அசைந்தது. கடைசியில் இருமினார். நாங்கள் வெளியே வந்தோம். அன்று கதவைத் திறந்ததும் அம்மா டம்ளரை எடுத்துப் பார்த்தாள். மேலே ஆடை படிந்து, அப்படியே இருந்தது.

பிறகு நான் ஐ.டி.ஐ. படித்து, எங்கள் கொல்லைமேல் எழும்பிய அதே தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். விதி கிதி என்று ஆரம்பித்துவிடாதீர்கள். சைக்கிளில் போகும் தூரத்தில் வேறு வேலை கிடைக்கவில்லை. ஆயுத பூஜை அன்று குடும்பத்தை உள்ளே விடுவார்கள். முதல் வருஷமே அம்மாவை அழைத்துப்போனேன். என் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தேன், காட்ட வேண்டும் என்று ஆசை. அம்மா அதைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்றாள். பிறகு கிணறு எங்கே இருந்தது என்று கேட்டாள்.

நான் எங்கே போவேன்? காம்ப்ரசர் ரூமா, கேன்டீனா, சைக்கிள் ஸ்டாண்டா? பொரிகடலைப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு அம்மா முன்னால் நடந்தாள், நான் பின்னால். எல்லாம் சிமெண்ட் தரை. கொடிக்கம்பத்தைச் சுற்றி மட்டும் செடி வைத்த பாத்தி இருந்தது. அம்மா உட்கார்ந்து ஒரு பிடி மண் அள்ளினாள். அப்பா இல்லாமல் அது செல்லாது என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் அள்ளினாள். தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரர் நல்ல மனுஷர், உதவி செய்கிற நினைப்பில்தான் சொன்னார்.

"செடிக்காம்மா? நல்ல செம்மண்ணு. பேரிகைப் பக்கம் இருந்து லாரில வந்துச்சு. இங்கத்து மண்ணு எல்லாம் அடில போய்டுச்சு."

அம்மா கையிலிருந்ததைத் திரும்பப் பாத்தியிலேயே போட்டு, வேர் தெரியாதபடி தட்டிவிட்டாள். வீட்டுக்குத் திரும்பும்போது சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வந்தாள். ஊருக்குள் திரும்பும் இடத்தில், "டெய்லியும் இவ்ளோ சத்தமா சின்னவனே? புள்ள எப்பிடித் தூங்குவான்?" என்றாள். நாங்கள் போனது விடுமுறை நாள். ஒரு மெஷின்கூட ஓடவில்லை.

அப்பா போய்ப் பல வருஷம். அம்மா போன வருஷம் போனாள். இருவரும் மேட்டுக்கொல்லையில் இருக்கிறார்கள். சுற்றிலும் வீட்டுமனை போட்டுக் கல் நட்டுவிட்டார்கள், புதிதாக வருகிறவர்களுக்கு எது மனைக்கல், எது எங்கள் ஆட்கள் என்று வித்தியாசம் தெரிவதில்லை.

இந்த வருஷ மாளய அமாவாசைக்கு முதல்நாள் ஓசூர் கடைவீதிக்குப் போய் ஒரு பால் சங்கு கேட்டேன். கடைக்காரப் பையன் என் நரையைப் பார்த்துவிட்டு, "பேரனுக்காங்க சார்?" என்றான். "இல்லப்பா, அண்ணனுக்கு," என்றேன். அவன் சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன், எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதானே.

இலை போட்டு, தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் எல்லாரையும் கூப்பிட்டேன். அம்மாவைத் தமிழில். அவள் பக்கத்தில் சின்ன வாழைத்துண்டு போட்டுச் சங்கில் பால் ஊற்றினேன். பிறகு கூப்பிட வேண்டும். என் பெயரை நானே சொல்லிக் கூப்பிட வேண்டும், வாடா என்று. தொண்டையைச் செருமிக்கொண்டேன். அப்பாவின் இருமல் எனக்கும் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. வரவில்லை.

பெயரைச் சொன்னேன், முழுசாக. வாடா கண்ணு, வந்து பாலைக் குடித்துவிட்டுப் போ என்றேன்.

வெளியே நின்றிருந்த என் மனைவிக்குக் கேட்டிருக்கிறது. முகம் வெளுத்துப்போயிருந்தது. ஒன்றுமில்லை, என்னை இல்லை என்றேன். பிறகு உட்கார்ந்து அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன், இப்போது உங்களுக்குச் சொன்ன மாதிரி. நான் போன பிறகு இந்தப் பெயரை ஒருமுறை கூப்பிட்டால் தாத்தா, அண்ணன், நான் என்று மூன்று பேர் வந்து நிற்போம், இலையைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல் உன் பிள்ளையிடம் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. கூப்பிட்டு முடித்ததும் வெளியே வந்து கதவைச் சாத்தி, பழைய பழக்கத்தில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே வடை இருந்தது, கறி இருந்தது, பால் இருந்தது. இந்தத் தடவை நான் குறுக்கே ஓடவில்லை.